எத்தனை குதிரை போதும்?

அரக்கோணத்திலிருந்து கடல் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ஆனாலும் படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் இந்த ஊருக்கு அந்நியமானதல்ல. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் பட்டாலியனுக்கு அரக்கோணம்தான் தலைமையிடம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் ரப்பர் படகுகளும் அவற்றின் இன்ஜின்களும் இங்கிருந்து லாரி ஏறிப் போயின. ஊருக்கு இன்னொரு பக்கம் கடற்படையின் விமானத்தளமான ஐ.என்.எஸ். ராஜாளி. 2017இல் ஒக்கி புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் நடுக்கடலில் காணாமல் போனபோது, தேடும் பணியில் கடற்படையின் கண்காணிப்பு விமானங்களும் இறங்கின. அரக்கோணத்துக்கு வடக்கே அரைமணி நேரப் பயணத்தில் திருத்தணி. சினம் தணிந்த முருகன் அமர்ந்திருக்கும் மலை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வைக்கிறது ஒரு சிறு படகுக்காரரின் கேள்வி. படகுக்கு எத்தனை ஹெச்.பி. இன்ஜின் வாங்குவது? கேட்கும்போது கடைக்கணக்கு போலத்தான் இருக்கிறது. உள்ளே இறங்கினால், தமிழ்ச் சமயங்கள் எல்லாம் நெடுங்காலமாக எழுப்பிவரும் கேள்வியில் கொண்டுபோய் விடுகிறது: வலிமை கையில் வந்தபின் அதை எங்கே நிறுத்துவது?

முதலில் கடைக்கணக்கையே பார்த்துவிடலாம். கடற்கரையில் அதிகம் புழங்குபவை 8, 9.9, 15, 25, 40 குதிரைத்திறன் இன்ஜின்கள். தண்டின் நீளம் 15 அங்குலமா 20 அங்குலமா என்பதைப் படகின் பின்பலகை உயரம் முடிவு செய்யும். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிப்பாகத்தோடு ஒட்டியோ, ஓரங்குலம் தாழ்ந்தோ நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் விசிறி காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும். மிகவும் தாழ்ந்தால் படகைப் பின்னுக்கு இழுக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினைப் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும். கயிற்றைச் சுண்டி இழுத்து, சூடேறியபின் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்பி, பின்பக்கத் துளையிலிருந்து குளிர்நீர் பீய்ச்சி வருகிறதா என்று எட்டிப் பார்த்த பிறகே படகு நகரும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டாவிட்டால், மறுநாள் விடியற்காலையில் இன்ஜின் கிளம்பாமல் சண்டித்தனம் செய்யும்.

அடுத்தது வேகம். வலையும் ஐஸும் ஆட்களும் ஏறி, நீரைப் பிளந்துகொண்டு போகும் படகுக்கு இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கிறது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகு மணிக்கு ஏறத்தாழ 6.7 கடல்மைலைத் தாண்டப் பாடுபடும். அந்த எல்லையை நெருங்க நெருங்க, கொஞ்சம் வேகம் கூட்டவும் பல மடங்கு விசை தேவைப்படும். படகு எழுப்பும் அலையே அதற்கு ஏறமுடியாத மேடாகிவிடுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வங்காள விரிகுடாத் திட்டம், சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986இல் குல்பிராண்ட்சன் என்ற படகு வல்லுநரைக் கொண்டு ஒரு கையேடே வெளியிட்டது. வேகத்தைச் சற்றே விட்டுக்கொடுத்தால் எரிபொருளில் பெரும்பங்கு மிஞ்சும் என்பது அந்தத் துறையின் அடிப்படைப் பாடம்.

ஒரு 10 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 4, 5 லிட்டர் குடிக்கும். பழைய வகை டூ-ஸ்ட்ரோக்கில் எரிபொருளில் கால்வாசி வரை எரியாமலே புகையோடு தண்ணீருக்குள் போய்விடுகிறது. கரைக்கு வந்து மீனை ஏலம் விட்டதும் முதலில் கழிவது எண்ணெய்க் காசு. அதன்பின் படகு, வலை, இன்ஜினுக்கான பங்கு. மிச்சம்தான் ஆட்களுக்கு. இன்ஜின் பெரிதாகப் பெரிதாக, ஏறிப்போன நாலு பேரின் கூலி சிறுக்கிறது. கடலுக்குள் கூட வராத ஒருவரும் அந்தக் கணக்கில் உட்கார்ந்திருப்பார். இன்ஜின் வாங்கக் கடன் கொடுத்து, மீனைத் தனக்கே தரவேண்டும் என்று கட்டிப்போட்டிருக்கும் வியாபாரி.

அப்படியானால் சின்ன இன்ஜினோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே என்று கரையில் இருப்பவர் சொல்லிவிடலாம். அது நியாயமான பேச்சாகாது. காற்று விழுந்த நாளில் துடுப்பு வலித்துத் தோள் கழன்று திரும்பிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. மேகம் கறுக்கும்போது கரை சேர வைப்பதும் அதே இன்ஜின்தான். சந்தை கலைவதற்குள் மீனைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுதான். கரையோரம் மீன் அருகிவிட்ட காலத்தில் தூரம் போவது பேராசை என்று சொல்லிவிட முடியாது. அடுப்பு எரிய வேண்டும். விசையே தீது என்று சொல்லும் எந்த அறமும் கடற்கரையில் ஒரு நாள் தாங்காது.

முருகன் கதை அப்படிச் சொல்லவில்லை. சூரபதுமன் கடலுக்குள் மாமரமாக ஒளிந்தபோது வேல் பாய்ந்தது. திருச்செந்தூர்க் கடற்கரையில் ஆண்டுதோறும் கந்தசஷ்டிக்கு அது சூரசம்ஹாரமாக நிகழ்கிறது. அதே சஷ்டியில் திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலி மட்டும்தான். போர் முடிந்து சினம் ஆறிய தலத்தில் போரை மறுபடி நடத்திக் காட்டுவதில்லை. ஒரே தெய்வம், கடலோரத்தில் ஆற்றலை எடுக்கிறது. மலைமேல் ஆற்றலை அடக்குகிறது. எடுக்கவும் தெரிய வேண்டும், வைக்கவும் தெரிய வேண்டும் என்று 365 படி ஏறிவரும் பக்தருக்கு அந்தக் கோவிலின் வழக்கமே சொல்லிவிடுகிறது.

ஆனால் அங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. முருகன் தணிந்தது வெற்றிக்குப் பிறகு. எதிரே நிற்க யாருமில்லை. மீனவர் தணிய வேண்டியதோ போட்டிக்கு நடுவே. பக்கத்துப் படகில் 15 ஏறிவிட்டது என்றால் 9.9 வைத்திருப்பவர் மீன்பாட்டுக்கு இரண்டாவதாகத்தான் போய்ச் சேருவார். அவர் மனநிறைவோடு இருக்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது சோறாகாது.

இந்தச் சிக்கலை நம் மண்ணில் ஆழமாக யோசித்தவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், பிறகு காந்தியின் கிராமத் தொழில் இயக்கம். சிறையில் இருந்தபோது இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது, மற்றொன்று இயேசுவின் போதனையும் நடைமுறையும் பற்றியது. பொருளாதாரமும் வேதமும் அவருக்கு வேறு வேறு அலமாரியில் இருக்கவில்லை. இயற்கையில் ஓடிக்கொண்டே இருக்கும் ஆற்றலையும், தேங்கிக் கிடந்து எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் ஆற்றலையும் அவர் பிரித்துப் பார்த்தார். நிலக்கரியும் பெட்ரோலியமும் இரண்டாவது வகை. தீரும் பொருளுக்குப் போட்டி வரும், போட்டி வன்முறையில் முடியும் என்றார். கட்டுமரத்துப் பாய் முதல் வகை, அவுட்போர்டு இன்ஜின் இரண்டாவது வகை. பாய் விரிப்பவர் பக்கத்துக்காரரின் காற்றைப் பறிப்பதில்லை.

குமரப்பாவின் நூலைத் தன் ‘பௌத்தப் பொருளாதாரம்’ கட்டுரையில் எடுத்தாண்டவர் ஈ.எஃப். ஷூமாக்கர். அந்தக் கட்டுரை இடம்பெற்ற ‘சிறியதே அழகு’ 1973இல் வந்து உலகம் சுற்றியது. அவர் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பின் துணை பிறகு கன்னியாகுமரிக் கரைக்கே வந்து சேர்ந்தது. கோட்டாறு சமூக சேவைச் சங்கம் முட்டத்தில் நடத்திய படகுத் துறையில், கட்டுமரத்துக்கான மென்மரம் அருகிவந்த வேளையில், ஒட்டுப்பலகையால் சிறு வள்ளங்கள் கட்டிப் பார்த்தார்கள். அந்த வேலையில் ஈடுபட்ட பெல்ஜியக்காரர் பியர் ஜில்லே 1985இல் தன் அனுபவத்தை நூலாக்கியபோது வைத்த தலைப்பு, ‘சிறியது கடினம்’. மரம், பசை, அலை, கடன், மீனவரின் நம்பிக்கை என்று ஒவ்வொன்றும் சோதித்த கதை அது. வள்ளம் நிலைபெற்றது. அவுட்போர்டு இன்ஜினும் அதே காலத்தில் அதன் பின்பலகையில் ஏறிக்கொண்டது. தஞ்சாவூரில் பிறந்த ஒருவரின் சிந்தனை லண்டன் வழியாக முட்டத்துக்கு வந்து, மீண்டும் அந்தப் பழைய கேள்வியின் முன்னால் நின்றது: எத்தனை போதும்?

கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்டைக் கேரளமே சாட்சி. சிறிய இன்ஜின்களில் தொடங்கிய போட்டி, வளைத்துப் பிடிக்கும் பெரிய வலைகளோடு சேர்ந்து, ஒரே வள்ளத்தில் 40 குதிரைத்திறன் இன்ஜின்கள் இரண்டு மூன்று மாட்டும் அளவுக்குப் போனது. ஒவ்வொருவரும் தன்னளவில் சரியாகத்தான் முடிவெடுத்தார்கள். எல்லோரும் வேகமானபின் யாரும் முந்தவில்லை. எண்ணெய்ச் செலவு மட்டும் எல்லோருக்கும் முந்திக்கொண்டது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் நடந்தது இன்னொரு வகை. இரக்கத்தோடு வந்த பணம், தேவைக்கு மேல் ஃபைபர் படகுகளையும் இன்ஜின்களையும் குவித்தது. கொடுப்பவருக்கும் அளவு தெரிய வேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் மூன்றும் 48, 49, 50 ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றும் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கின்றன. நாட்டை ஆள்பவர் தெரிந்திருக்க வேண்டியவையாக வள்ளுவர் அவற்றை வைத்தார். அந்த இடம் முக்கியமானது. வலிமையின் அளவை அறிவது தனியாள் நோன்பாக மட்டும் இருந்தால், நோன்பிருப்பவர் ஏழையாவார், இருக்காதவர் மீனை அள்ளிப் போவார். ஆளும் இடத்தில் இருப்பவர்கள் அந்த அளவைப் பொதுவாக்கினால்தான் அது நிற்கும். கடற்கரையில் ஆளும் இடம் என்பது கோட்டை மட்டுமில்லை; ஊர்ப் பஞ்சாயத்தும் கத்தோலிக்க ஊர்களின் பங்குப்பேரவையும் அதில் சேரும்.

அவை இதைச் செய்யாமலும் இல்லை. கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பகுதிகளின் கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாடு இருக்கிறது. 40 ஹெச்.பி.யும் 9.9உம் அன்று ஒரே மணலில் கிடக்கின்றன. ஓய்வுநாள் என்ற வேதக் கட்டளை அங்கே வாழ்வது ஊர் முழுதும் சேர்ந்து நிற்பதால்தான். ஒருவர் மட்டும் போனால் மற்றவர்களின் ஓய்வு நட்டமாகிவிடும். ஆற்றங்கரை, கடற்கரை இந்து ஊர்களிலும் கோவில் திருவிழா நாள்களில் படகு இறங்காத வழக்கம் உண்டு. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாள்கள் என்ற ஏற்பாடு நீண்டகாலமாக இருந்துவருகிறது. அரசும் தன் பங்குக்கு விசைப்படகுகளின் இன்ஜினுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவற்றைக் கடலுக்கு விடுவதில்லை. இவற்றை மீறுவோர் இருக்கிறார்கள், சண்டைகளும் நடக்கின்றன. ஆனாலும் போதும் என்ற சொல்லுக்கு நாளும் எண்ணும் எல்லையும் கொடுக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

வலிமையைப் போட்டியிலிருந்து வெளியே எடுத்தால் அதன் முகமே மாறிவிடுகிறது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மிதந்தபோது மீனவர்கள் தங்கள் வள்ளங்களையும் இன்ஜின்களையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். அவர்கள் மீட்டவர்கள் ஏறத்தாழ 65,000 பேர் என்று அப்போது கணக்கிடப்பட்டது. அரசு படிப்பணம் அறிவித்தபோது, உயிரைக் காப்பாற்றியதற்குக் காசு வேண்டாம் என்று பலர் மறுத்தார்கள். மீட்புப் படையினருக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவர்களுக்கும் அங்கே பழகியிருக்கும்: தெருவெள்ளத்தில் முழு வேகம் ஆபத்து. நீருக்கடியில் மதில், மின்கம்பி, கார்க்கூரை எது வேண்டுமானாலும் இருக்கும். குறுகிய சந்தில் இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டுத் துடுப்பு போட வேண்டியிருக்கும். குமரப்பா இயற்கையின் பொருளாதாரங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்தியபோது, ஒட்டுண்ணியையும் வேட்டையாடும் விலங்கையும் அடியில் வைத்து, பலன் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாயை உச்சியில் வைத்தார். ஒரே இன்ஜின் அந்த ஏணியில் எந்தப் படியிலும் நிற்க முடியும்.

ஆகவே, புதிய இன்ஜின் வாங்க நினைக்கும் படகுக்காரர் தனியாகக் கணக்குப் போட்டு நல்லவராக முடியாது. அவரிடம் அதைக் கேட்பதும் முறையில்லை. கேட்க வேண்டிய இடம் ஊர்க்கூட்டம். நம் துறையில் சிறு படகுக்கு உச்சவரம்பு எத்தனை ஹெச்.பி.? புயல் நாளில் கரை திரும்ப அது போதுமா? எண்ணெய்க் காசு கழிந்தபின் ஆள் பங்கு என்ன மிஞ்சும்? எந்த நாள்களில் எல்லா இன்ஜினும் கரையில் கிடக்கும்? இந்த நான்கையும் பேசி முடித்து, ஏட்டில் எழுதி, பக்கத்துத் துறைக்காரர்களையும் அழைத்து ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். முதல் படகுக்காரர் கடையில் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கூட்டம் கூடியிருக்க வேண்டும்.