சட்டியில் பயறு போட்டுப் பார்!

"நமக்கென்ன தெரியும், படிச்சவங்க சொன்னாச் சரிதான்." காவிரி டெல்டாவில் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எந்த வயல் குறுவையைத் தாங்கும், எது சம்பாவோடு நிற்க வேண்டும், அறுப்புக்கு முன் எந்த ஈரத்தில் உளுந்து தெளிக்க வேண்டும் என்பதெல்லாம் கைப்பாடமாக வைத்திருப்பவனுக்கா ஒன்றும் தெரியாது? தம்பி, தங்கச்சி, இன்றோடு அந்தப் பேச்சை விடு!

மண்ணை நீயே சோதிக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை, சேத்தியாத்தோப்பு வழியே வடக்கே போனால் நெய்வேலி. அங்கே 1957இல் சுரங்கம் தோண்டத் தொடங்கியவர்கள் பழுப்பு நிலக்கரியைத் தொட்டது 1961இல். அதுவரை வாரியதெல்லாம் மண். இன்றும் ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அடியில் கிடந்த மணலும் களியும் மேலே வர, பயிர் கண்ட மேல்மண் அதற்குள் கலந்து காணாமல் போகிறது. அப்படிக் கொட்டிய மண்ணில் அங்ககக் கரிமம் சொற்பம், தழைச்சத்தும் மணிச்சத்தும் பற்றாக்குறை, நுண்ணுயிர் அரிது.

அந்த மண்ணையும் சும்மா விட்டுவிடவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தோடு சேர்ந்து தொழு உரம், பசுந்தாள் உரம், அனல்மின் நிலையச் சாம்பல், அந்தப் பழுப்புக் கரியிலிருந்தே பிரித்த ஹியூமிக் அமிலம் ஆகியவற்றை இட்டுப் பயிர் வைத்துப் பார்த்தார்கள். செத்த மண் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், போட்டுப் பார்த்தார்களே, அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது.

ஆனால் கவனி. கொட்டிய மண்ணில் ஏதோ பச்சை தெரிவது வேறு, காவிரி காலங்காலமாகக் கொண்டுவந்து படிய வைத்த வண்டல் வேறு. "தோண்டிவிட்டுத் திரும்ப மூடித் தருகிறோம்" என்று எவராவது வந்தால், இந்த வேறுபாட்டை எண்களோடு எடுத்துச் சொல்ல உன்னால் முடிய வேண்டும். 2023 ஏப்ரலில் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி, பழுப்பு நிலக்கரி ஏலப் பட்டியலில் இருந்தது. டெல்டா கொதித்தது, மாநில அரசு எதிர்த்தது, சில நாட்களிலேயே மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகியவற்றோடு வடசேரியும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பே, இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசி, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர்விட்டார். அவர் வேளாண்மை படித்தவர், ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மண்ணைத் தெரிந்து பேசியதால்தான் அவர் பேச்சு தைத்தது.

உனக்கும் அந்த மண்ணறிவு வரும். ஒன்பது சட்டி எடு, அடியில் ஓட்டை போடு. மூன்றில் உன் வயல் மண், மூன்றில் சந்தேகப்படும் மண், மூன்றில் அதே மண்ணோடு தொழு உரம். சுரங்க மண்தான் வேண்டுமென்றில்லை. செங்கல் சூளைக்குத் தோண்டிய குழி, சவுடு கொட்டிய மனை, இறால் பண்ணையால் உப்பேறிய நிலம், எதுவானாலும் சரி. ஒரே விதை, ஒரே அளவு தண்ணீர், ஒரே வெயில். பாசிப்பயறு போடு.

முளைத்ததும் துள்ளாதே. பயறு தன் பருப்பில் உள்ள உணவைத் தின்றே முளைத்துவிடும். மண்ணின் குணம் அதற்குப் பிறகுதான் வெளிப்படும். ஒரு மாதம் பொறு. செடியைப் பிடுங்கி வேரைக் கழுவு. வேர் முடிச்சு இருக்கிறதா? நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பா? அப்படியானால் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா அங்கே வேலை செய்கிறது. செடிகளைக் காயவைத்து எடை போட்டு, சட்டிவாரியாக எழுதி வை. அதே மண்ணில் கொஞ்சம் மண் பரிசோதனை நிலையத்துக்கும் அனுப்பு. கார அமில நிலை, உப்பு, கரிமம் என்று அவர்கள் தரும் தாளை உன் கணக்கோடு ஒட்டிப் பார். இரண்டும் ஒத்துவரவில்லையென்றால், ஏன் என்று கேள். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. விஞ்ஞானம் ஒன்றும் சீமைச் சரக்கல்ல, பேருந்து ஏறினால் வரும் ஊரில் இருக்கிறது.

அடுத்த கிராம சபைக்கு அந்த நோட்டோடு போ. பின்வரிசையில் ஒதுங்காதே. மண் பற்றிப் பேச்சு வந்ததும் எழுந்து, உன் ஒன்பது சட்டியின் எடையை உரக்கப் படி!