சம்மதம் கேட்காத ஒன்றியம்

1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் காந்தியவாதி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் முக்கியமானது. இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்தார். அப்போது முதலமைச்சராக இருந்த காமராஜருக்கும் சொந்த ஊர் விருதுநகர்தான். அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் சங்கரலிங்கனாரின் உயிர் பிரிந்தது. மூன்று வாரம் ஆவதற்குள், நவம்பர் 1 அன்று, மாநில எல்லைகள் திருத்தப்பட்டன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தன. பெயர் மட்டும் மாறவில்லை.

பிறகு வங்காளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பூபேஷ் குப்தா இந்தப் பெயர் மாற்றத்துக்காக மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தார். 1963-ல் அண்ணா அதை ஆதரித்துப் பேசினார். மசோதா தோற்றது. 1967 ஜூலை 18 அன்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியும், நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்றி, அது 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசியலமைப்பின் 3-வது பிரிவு சொல்வது இதுதான்: மாநிலத்தின் பெயரையும் எல்லையையும் மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது. மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், அதன்படி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அமெரிக்காவில் 1787-ல் எழுதிய அரசியலமைப்பைப் பழைய குடியேற்றங்கள் ஒவ்வொன்றாக விவாதித்து ஏற்றன. ஆஸ்திரேலியாவின் ஆறு குடியேற்றங்களும் மக்களிடம் வாக்குக் கேட்டுவிட்டுத்தான் 1901-ல் ஒன்று சேர்ந்தன. அந்த இரு நாடுகளிலும் ஒரு மாநிலத்தின் எல்லையை அதன் சம்மதம் இல்லாமல் தொட முடியாது. இந்தியாவின் கதை வேறு. நம் கூட்டாட்சி மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் விளைந்ததல்ல என்று அம்பேத்கர் 1948-ல் அரசியல் நிர்ணய சபையிலேயே விளக்கினார். பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை வைத்துக்கொண்டு வேறு வழி இருந்ததா என்பது நியாயமான கேள்வி.

சம்மதம் கேட்காமல் கட்டுப்படுத்துவது அறமாகுமா? ஆகாது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆந்திர சட்டமன்றம் நிராகரித்த பிறகும் 2014-ல் தெலங்கானா பிறந்தது இதே 3-வது பிரிவால்தான். சம்மதம் கட்டாயமாக இருந்திருந்தால், மாநிலத்துக்குள் சிறுபான்மையாக இருந்தவர்களின் குரல் பெரும்பான்மைக்குள்ளேயே அமுங்கியிருக்கும். ஆகவே அதிகாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சம்மதம் தேவையில்லாத அதிகாரத்துக்கு ஒரு கடன் உண்டு. அதைத் தீர்த்தாயா என்றுதான் கேட்க வேண்டும். சங்கரலிங்கனார் விஷயத்தில் அது உரிய காலத்தில் காது கொடுக்கும் கடன். பன்னிரண்டு ஆண்டு தாமதம் அந்தக் கடனை அடைக்கவில்லை.

விருதுநகர் மாவட்டத்திலேயே, பட்டாசு நகரமான சிவகாசியில், அதே வகை அதிகாரத்தின் இன்னொரு கடன் இன்னும் பாக்கி. வெடிபொருள் ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது; அதிலும் மாநிலத்தின் சம்மதம் தேவையில்லை. 2018 அக்டோபரில், காற்று மாசைக் குறைக்க, உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. டெல்லிக் குழந்தையின் மூச்சும் ஒரு சிவகாசிப் பெண்ணின் கூலியும் தராசில் ஏறினால் மூச்சுப் பக்கம்தான் தட்டு இறங்க வேண்டும். அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் வெள்ளை நூலில் சிவப்பு வெடிகளைக் கோத்துக் கோத்துச் சரம் பின்னியே கூலி வாங்கியவர், பல வருஷம் பழகிய கைவேகத்தை ஒரே உத்தரவில் இழந்தார். நன்மை நாடு முழுவதும் பரவ, நஷ்டம் மட்டும் ஒரு வட்டாரத்தின் தலையில் விழுகிறது. தொழில் மாறும் காலத்துக்கான கூலியும், புது வேலைக்கான பயிற்சியும் ஒன்றியக் கருவூலத்திலிருந்து வருவதே நியாயம். அது தருமம் அல்ல, பாக்கி. தடையோடு சேர்த்தே அதற்கும் நாள் குறித்திருக்க வேண்டும்.