எழுதுகோல் ஏந்தியவரின் அமானிதம்

அமானிதம் என்னும் சொல்லை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. ஊருக்குப் போகும் அண்டை வீட்டார் கொடுத்து வைக்கும் சாவி அமானிதம். ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் ஒப்படைத்துச் செல்லும் நகை அமானிதம். இவற்றில் நமக்கு ஐயம் எழுவதில்லை. ஆனால் ஒரு மூதாட்டியின் பெயரும், கைரேகையும், நோய் வரலாறும், வங்கிக் கணக்கு எண்ணும் அரசாங்கத்தின் கணிப்பொறியில் இருக்கின்றன. அதைக் காக்கும் வேலையை அரசாங்கம் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. இடையில் ஒரு வழக்கறிஞர் அமர்ந்து ஒப்பந்தம் எழுதுகிறார். இந்த அமானிதத்தைச் சுமப்பவர் யார்?

சென்ற மார்ச் மாதம் இக்கேள்வி அபிஷேகப்பாக்கத்தில் என் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று அரசுத் துறை ஒன்றில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் சட்ட அலுவலர். ஸலாம் சொல்லி அமர்ந்தவரின் முகம் வாடியிருந்தது. தகவல் பாதுகாப்புக்கான ஒப்பந்த வரைவில் இரண்டு இடங்கள் அவரை உறுத்தின. தகவல் களவு போனால் நிறுவனம் ‘உரிய காலத்தில்’ தெரிவிக்கும் என்பது ஒன்று. துறையின் அனுமதியின்றியே வேலையின் ஒரு பகுதியை வேறொரு நிறுவனத்திடம் விடலாம் என்பது மற்றொன்று. திருத்தினால் விலை ஏறும், மார்ச் 31க்குள் கையெழுத்தாகாவிட்டால் ஒதுக்கிய பணம் காலாவதியாகிவிடும் என்று மேலதிகாரி அவசரப்படுத்தினாராம்.

“ஹஜ்ரத், நான் வழக்கறிஞன். கட்சிக்காரர் கேட்பதை எழுதிக் கொடுப்பது என் தொழில். அதற்கு மேலும் எனக்குப் பொறுப்பு உண்டா?” என்று கேட்டார்.

உலகச் சட்டத்தின் விடை அவருக்குச் சாதகமானதே. இந்திய அரசின் ஒப்பந்தங்கள் குடியரசுத் தலைவர் பெயரால் செய்யப்பட வேண்டும் என்று விதிக்கும் அரசியல் சட்டத்தின் 299ஆம் பிரிவு, அவற்றில் கையெழுத்திடுபவர் சொந்தப் பொறுப்பாளி ஆகமாட்டார் என்றும் கூறுகிறது. அவ்விதி நியாயமானதே. இல்லையேல் எந்த அலுவலரும் பேனாவைத் தொடமாட்டார். ஆயின், நீதிமன்றம் நம்மைக் கேள்வி கேட்காது என்பதும், நம்மிடம் கேள்வியே இல்லை என்பதும் ஒன்றாகுமா?

ஒப்பந்தத்தில் ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதை அண்மை நிகழ்ச்சி ஒன்று காட்டும். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறி அமைப்பு தாக்கப்பட்டது. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல்கள் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டன. சீட்டுப் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் கையாலேயே எழுத நேர்ந்தது. வலையமைப்பு முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசாங்கம் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. வீடு முழுவதற்கும் ஒரே கதவு இருந்தது போலத்தான்.

அவ்வாண்டு ஏப்ரல் 28 அன்றுதான், இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அமைப்பு ஆணையிட்டிருந்தது. துறைக்கு ஆறு மணி நேரம்தான் கெடு என்னும்போது, துறைக்குச் சொல்ல வேண்டிய நிறுவனத்துக்கு ‘உரிய காலம்’ என்று எழுதுவது என்ன நியாயம்? மாணவரின் உறுத்தல் வெறும் சொற்பூசல் அன்று.

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘வதீஆ’ என்றொரு பாடம் உண்டு. ஒப்படைக்கப்பட்ட பொருள் தன் தவறின்றி அழிந்தால் காப்பாளர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கவனக்குறைவால் அழிந்தால் கொடுத்தே ஆக வேண்டும். கவனக்குறைவை அளக்கும் கோலாக ‘ஹிர்ஸ்’ என்பதை அறிஞர்கள் வைத்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குத் தக்க காப்பிடம் என்பது இதன் பொருள். ஆட்டுக்குத் தொழுவம் போதும். நகைக்குப் பெட்டியும் பூட்டும் வேண்டும். நகையைத் தொழுவத்தில் வைத்துவிட்டு, “திருடன் வந்தான், நான் என்ன செய்வேன்?” என்பவரின் சொல் ஏற்கப்படாது. உரியவரின் அனுமதியோ தக்க காரணமோ இன்றி அமானிதத்தை அந்நியரிடம் ஒப்படைப்பவரும் பொறுப்பாளியே. மாணவர் காட்டிய இரண்டாவது இடம் இதுதான் அல்லவா? திருடு போன கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். மூதாட்டியின் கைரேகையை மாற்ற இயலுமா?

2023ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் ஏறத்தாழ இந்த இடத்துக்கே வந்து சேர்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகவலைப் பெறுபவரை அது நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற பொருளில் அழைக்கிறது. நம் மொழியில் அமீன். ஒப்பந்தத்தில் எப்படி எழுதிக் கொண்டாலும் அவர் பொறுப்பு நீங்காது என்கிறது. அரசுக்குச் சில விலக்குகள் தந்திருப்பினும், அடிப்படை அறம் அங்கே எழுதப்பட்டுவிட்டது.

மேலதிகாரியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பொதுப்பணமும் அமானிதமே. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்னும் முறை ஊழலைத் தடுக்கப் பிறந்தது. ஆயினும் அதன் குறையை நிதி அமைச்சகமே உணர்ந்து, 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிவுரைகளில், குறித்த சில பணிகளுக்குத் தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் தரலாம் என்றது. மலிவான பூட்டு, களவு போன பின்னர் விலை உயர்ந்த பூட்டாகிவிடும்.

நிறுவனத்துக்கும் நீதி செய்ய வேண்டும். “ஒருபோதும் களவு போகாது” என்று உறுதி கேட்பது, எந்த மனிதராலும் காக்க முடியாத வாக்கைக் கேட்பதாகும். கேட்க வேண்டியது உழைப்பும், விழிப்பும், உண்மையை ஒளிக்காமையும் மட்டுமே.

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் அல்பகராவின் 282ஆம் வசனம் என்பதை வாசகர்கள் அறிவர். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும், கடன்பட்டவர் வாசகம் சொல்ல இயலாத பலவீனராயின் அவருடைய காப்பாளர் சொல்ல வேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. அரசாங்க ஒப்பந்தத்தில் அரசும் நிறுவனமும் பேச வல்லவர்கள். பேச இயலாத மூன்றாமவர் அந்த மூதாட்டி. அவளுக்காகச் சொல்ல வேண்டியவர் எழுதுகோல் ஏந்தியவரே என்று நான் விளங்கிக் கொள்கிறேன். அரசின் வழக்கறிஞர் என்றால் அதிகாரியின் வழக்கறிஞர் என்று பொருளன்று.

மாணவரிடம் சொன்னேன்: “தம்பி, முடிவு உங்களுடையதன்று. ஆனால் அறிவு உங்களுடையது. அறிந்ததைக் கோப்பின் குறிப்புத் தாளில் காரணத்தோடு, மரியாதையோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். அதன் பிறகு மேலதிகாரி மறுத்தால் அந்தச் சுமை அவருடையது. நீங்கள் மௌனமாயிருந்தால் அதில் ஒரு பங்கு உங்களுடையது.”

சில வாரங்கள் கழித்துச் செய்தி வந்தது. ‘உரிய காலம்’ நீங்கி, ‘நான்கு மணி நேரம்’ என்றாயிற்று. அனுமதியின்றி மறுகையில் விடும் வாசகமோ மாறவில்லை. அதற்கு எதிரான அவருடைய குறிப்பு கோப்பில் இருக்கிறது.

பாதி வெற்றிதானே என்று அவர் வருந்தினார். பலன் நம் கையில் இல்லை. கேட்கப்படும்போது காட்டுவதற்கு அந்தக் குறிப்பு இருக்கிறது என்று பதில் எழுதினேன். நம் இல்லங்களிலிருந்து இத்தகைய வேலைகளுக்குப் போகும் பிள்ளைகள் இன்று பலர். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் பெற்றோர், எவருடைய அமானிதம் உன் மேசைக்கு வருகிறது என்றும் ஒருமுறை கேட்டு வைப்பது நலம்.