தோற்கும் அணிக்குத் தலைமை

தோல்வி பாடம் புகட்டும் என்பதை மறுப்பவர் அரியர். அது எந்தப் பாடத்தை, யாருடைய செலவில் புகட்டுகிறது என்று கேட்பவர் அவரினும் அரியர். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் தோற்பதும், சீசன் என்று வழங்கும் ஆட்டப் பருவம் முழுவதும் தோற்றுக்கொண்டே இருப்பதும் ஒரே வகை அனுபவங்கள் அல்ல. முன்னது ஒரு நிகழ்ச்சி. அடுத்த ஆட்டம் வந்தால் அது பழங்கதையாகிவிடும். பின்னதோ வாழ்ந்து தீர்க்க வேண்டிய ஒரு நிலை. தோற்பது உறுதி என்று உள்ளூரத் தெரிந்திருந்தும் விடியற்காலையில் பயிற்சிக்கு எழ வேண்டிய நிலை, உடைமாற்றும் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காலணிக் கயிற்றை அவிழ்க்கும் நிலை. அந்நிலையில் அணியை நடத்துபவருக்கு உரிய கடமைகள் யாவை, விடாமுயற்சி எதுவரை அறம், எந்த இடத்தில் அது பிறரை வருத்தும் பிடிவாதமாகத் திரிகிறது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா.

இவ்வினாவுக்கு உதவக்கூடிய ஒரு நுட்பமான பாகுபாடு திருக்குறளின் அதிகார வைப்பிலேயே கிடக்கிறது. பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரமும் இடுக்கணழியாமை என்னும் அதிகாரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆள்வினையாவது ஒரு பயனை நோக்கிச் சோர்வின்றி உழைப்பது. இடுக்கணழியாமையாவது பயன் கைகூடாமல் துன்பமே வந்து சூழ்ந்தபோதும் உள்ளம் உடையாதிருப்பது. இரண்டையும் விடாமுயற்சி என்ற ஒரே சொல்லால் குறிப்பது இன்றைய வழக்கம். வள்ளுவர் அவற்றைப் பிரித்தே வைத்தார். இவ்விரண்டும் ஆள்பவனுக்குரிய பண்புகளைச் சொல்லும் அரசியல் என்னும் பகுதியில் அமைந்தவை என்பதும், அப்பகுதியின் இருபத்தைந்து அதிகாரங்களில் கடைசியாக நிற்பது இடுக்கணழியாமை என்பதும் கவனிக்கத்தக்கவை. தலைமைக்கு வேண்டிய எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, எதுவும் பலிக்காத நாளில் தலைவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ஓர் அதிகாரம் தேவைப்பட்டிருக்கிறது.

மேடைகளிலும் பள்ளி ஆண்டுவிழாக்களிலும் சொல்லப்படும் தோல்விக் கதைகளில் இந்தப் பாகுபாடு காணாமல் போய்விடுகிறது. அங்கே தோற்றவர் எல்லாரும் முடிவில் வென்றவர்களாகவே இருக்கிறார்கள். வெல்லாதவரின் கதையை யாரும் சொல்வதில்லை. பின்னால் வந்த வெற்றிதான் முன்னால் பட்ட பாட்டுக்கு நியாயம் தருகிறது என்றால், வெற்றி வராதவரின் பாடு வீண் என்று ஆகிவிடும். விடாமுயற்சி ஒரு நற்பண்பாக இல்லாமல் பலித்த சூதாட்டமாகச் சுருங்கிவிடும். இந்தக் கணக்கின் எல்லையை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் காணலாம். அங்கே தரவரிசையின் அடியில் முடிக்கும் அணிக்கு அடுத்த ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரரை முன்னதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கூடுவதால், தோல்வியையே முதலீடாகக் கொள்ளும் போக்கு வளர்ந்தது. பிலடெல்பியா 76ஏர்ஸ் அணி 2015–16 பருவத்தில் 82 ஆட்டங்களில் 10இல் மட்டுமே வென்றது. எதிர்காலத்துக்கெனத் திட்டம் வகுத்தவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். நிகழ்காலத்தில் தோற்றவர்கள் ஆடுகளத்தில் இருந்தார்கள்.

இப்பொருளை எடைபோட ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டின் 1984 முதல் 1987 வரையிலான ஆண்டுகள் தக்க களமாகின்றன. கிரெக் சாப்பல், டென்னிஸ் லில்லி, ராட் மார்ஷ் ஆகிய மூவரும் 1984 ஜனவரியில் ஒரே டெஸ்டோடு விடைபெற்றனர். அணியை நடத்திய கிம் ஹியூஸ், அன்று வெல்லற்கரியதாக இருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணியிடம் தோல்விமேல் தோல்வி கண்டார். மூத்தவர்கள் சிலர் அவரது தலைமையை மனதார ஏற்றதுமில்லை. 1984 நவம்பரில் பிரிஸ்பேன் டெஸ்டில் தோற்றபின், பதவி விலகும் அறிக்கையைச் செய்தியாளர்முன் படிக்கத் தொடங்கிய அவர் இடையிலேயே குரலுடைந்து அழுது எழுந்து போனார். எஞ்சிய வரிகளை அணி மேலாளர் படித்து முடிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கண்ணீர் நெடுங்காலம் கோழைத்தனத்தின் அடையாளமாகப் பேசப்பட்டது. அத்தீர்ப்பு கடுமையானது, பிழையானதும்கூட. தலைமை என்பது சொத்தன்று, ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. தன் கீழ் அணி சிதைகிறது என்று கண்டவர் விலகுவது, அணியைவிடப் பதவியைப் பெரிதாக எண்ணி ஒட்டிக்கொண்டிருப்பதைவிடத் தாழ்ந்ததாகாது. விடாமுயற்சி எதைப் பற்றியது என்பதே இங்குக் கேள்வி. ஆட்டத்தை விடாதிருப்பதும் நாற்காலியை விடாதிருப்பதும் வேறு வேறு. ஹியூஸ் பின்னர் நிறவெறி அரசு ஆண்ட தென்னாப்பிரிக்காவுக்குத் தடையை மீறிச் சென்ற அணிக்குத் தலைவரானார், அது கண்டிக்கத்தக்கதே. ஆனால் அந்தப் பழியைப் பின்னோக்கிக் கொண்டுபோய்ப் பிரிஸ்பேனில் அழுதவர்மேல் ஏற்றுவது நேர்மையாகாது.

அவருக்குப் பின் வந்தவர் ஆலன் பார்டர். 1984 மார்ச்சில் டிரினிடாட்டில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நடந்த டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 98, இரண்டாவதில் 100 ஓட்டங்கள் எடுத்து, இரு முறையும் ஆட்டமிழக்காமல் நின்று, கடைசி ஆட்டக்காரரான டெர்ரி ஆல்டர்மனைத் துணைக்கு வைத்துக்கொண்டே தோல்வியைத் தவிர்த்தவர். தனியாளாகத் தாக்குப்பிடிக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. தலைமை கேட்டதோ வேறொன்று. 1985இல் இங்கிலாந்தில் 3–1, அவ்வாண்டுக் கோடையில் சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 2–1, பின் நியூசிலாந்து சென்று 1–0, 1986–87இல் மீண்டும் சொந்த மண்ணில் இங்கிலாந்திடம் 2–1 என்று தொடர்கள் ஒவ்வொன்றாகப் போயின. 1986 நியூசிலாந்துப் பயணத்தில், அணியினரிடம் முனைப்பு இல்லை என்று வெளிப்படையாகக் குறைகூறி, பதவியையே உதறிவிடப் போவதாக அவர் எச்சரிக்கவும் நேர்ந்தது. இடுக்கண் அழியாதவர் என்று பின்னாளில் போற்றப்பட்டவருக்கும் அழிவின் விளிம்பு தெரியாததன்று. முதல் டெஸ்ட் தொடர் வெற்றி 1987–88இல்தான் வந்தது. அதற்குள் அவர் பொறுப்பேற்று ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

இக்காலத்தில் அந்த அணியைக் காத்தது முழக்கங்களல்ல, ஆள் மாற்றாத பொறுமை. தோற்கும் அணியில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பலி கேட்கப்படும். யாரையாவது நீக்கினால் ஏதோ செய்துவிட்டதுபோலத் தோன்றும். நீக்கப்பட்டவர் பெரும்பாலும் இளையவராக, எதிர்த்துப் பேச வலுவில்லாதவராக இருப்பார். 1985 டிசம்பரில் அறிமுகமான ஸ்டீவ் வா, தம் 27ஆம் டெஸ்டில், 1989இல்தான் முதல் சதத்தை அடித்தார். அதற்கு முந்தைய 26 டெஸ்டுகளில் அவரை வெளியேற்றக் காரணம் தேடியிருந்தால் கிடைக்காமல் போயிருக்காது. தேர்வாளர்களும் தலைவரும் காத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்பு விடாமுயற்சியின் வகைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது. தன் துன்பத்தைத் தாங்குவது ஒன்று. பிறர் முதிர்வதற்கு ஆகும் காலத்தின் செலவைத் தன் பெயரில் எழுதிக்கொள்வது மற்றொன்று. தலைமையின் அறம் பின்னதில்தான் கூடுதலாக இருக்கிறது.

ஆனால் பிறர் உடம்பை விலையாக வைக்கும் உரிமை தலைவருக்கு உண்டா? இக்கேள்வியை 1986 செப்டம்பரில் சென்னைச் சேப்பாக்கம் மைதானம் மிகக் கூர்மையாக எழுப்பியது. புரட்டாசிப் பிறப்பை ஒட்டிய புழுக்கம். பக்கத்தில் பக்கிங்காம் கால்வாயின் நாற்றம். ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலிருந்து வந்த டீன் ஜோன்ஸ் தம் மூன்றாவது டெஸ்டை ஆடிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அவர் உடம்பில் நீர் வற்றி, கால்கள் இழுத்துக்கொண்டு, ஆடுகளத்தின் ஓரத்திலேயே வாந்தியெடுக்கத் தொடங்கினார். இனி முடியாது, வெளியேறுகிறேன் என்றபோது, எதிர்முனையில் நின்ற பார்டர், அப்படியானால் தம் மாநிலமான குயின்ஸ்லாந்திலிருந்து வந்த உறுதியான ஆள் ஒருவரை அனுப்பச் சொல்லலாம் என்று குத்தலாகச் சொன்னார். விக்டோரியா மாநிலத்தவரான ஜோன்ஸுக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. அவர் நின்றார், 503 நிமிடங்கள் ஆடி 210 ஓட்டங்கள் எடுத்தார், ஆட்டமிழந்தபின் மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியே நீரேற்ற வேண்டியதாயிற்று. இந்தியாவுக்கு 348 என்ற இலக்கு வைக்கப்பட்டு, அது 347இல் முடிந்து, டெஸ்ட் வரலாற்றில் அதுவரை ஒருமுறையே நிகழ்ந்திருந்த சமனில் அந்த ஆட்டம் முடிந்தது.

பார்டருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. அவர் நிழலில் அமர்ந்து ஆணையிடவில்லை. அதே வெயிலில் நின்று தாமும் 106 ஓட்டங்கள் எடுத்தவர். தான் சுமக்காத சுமையைப் பிறர்மேல் ஏற்றக் கூடாது என்ற குறைந்தபட்ச நெறியை அவர் மீறவில்லை. ஜோன்ஸும் பிற்காலத்தில் அந்நிகழ்ச்சியைப் பெருமையாகவே நினைவுகூர்ந்தார். ஆயினும் பின்னால் பிறந்த பெருமிதம் முன்னால் கேட்கப்படாத சம்மதத்துக்கு ஈடாகாது. நீர் வற்றி உணர்வு மங்குகிறவரிடம் மானத்தைத் தொட்டுப் பேசுவது அவரது தெரிவை மதிப்பதன்று. அவர் தெரிவு செய்ய இயலாத இடத்தில் கைவைப்பது. அன்று ஜோன்ஸின் உடம்பு வேறு விதமாக முடிவெடுத்திருந்தால், இன்று வீரக்கதையாகச் சொல்லப்படும் அதே சொற்கள் குற்றச்சாட்டாக வாசிக்கப்பட்டிருக்கும். சொன்னவரின் எண்ணமோ, சொன்ன சொல்லோ எள்ளளவும் மாறியிருக்காது. விளைவின் நற்பேற்றைக் கொண்டு செயலின் அறத்தை அளப்பதில் உள்ள பிழை இதுவே.

அடுத்த ஆண்டே அதே மைதானம் மறுபக்கத்தையும் காட்டியது. 1987 அக்டோபர் 9 அன்று உலகக் கோப்பையின் முதல் சுற்றில் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து நான்கு ஓட்டமா ஆறு ஓட்டமா என்ற ஐயம் எழுந்து, முதலில் நான்கென்று கணக்கில் எழுதப்பட்டது. இடைவேளையில் அது ஆறுதான் என்று ஆஸ்திரேலியர் முறையிட, இந்தியத் தலைவர் கபில் தேவ் ஒப்புக்கொண்டார். 268 என்றிருந்த எண்ணிக்கை 270 ஆயிற்று. இந்தியா 269இல் சுருண்டது. கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் மணீந்தர் சிங்கின் ஸ்டம்பைப் பெயர்த்தவர், மேலே சொன்ன ஸ்டீவ் வா. சமனில் முடிந்த டெஸ்டிலும் கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் வீழ்ந்தவர் இதே மணீந்தர்தான் என்பதைச் சேப்பாக்கத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள் இன்றும் சொல்லி மாய்வார்கள். ஒரு ஓட்டத்தில் தோற்ற தலைவர், இரண்டு ஓட்டங்களைத் தாமே எடுத்துக் கொடுத்தவர். அந்த உலகக் கோப்பையை ஆஸ்திரேலியா வென்றது. அரையிறுதியில் இந்தியா தோற்றபின் கபிலிடமிருந்து தலைமை போயிற்று. அவர் ஒப்புதலுக்கு எந்தப் பலனும் பின்னால் வரவில்லை. அதனால் அதன் மதிப்பில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

தோல்வி மனிதரைப் பண்படுத்தும் என்ற நம்பிக்கையையும் சற்றுச் சந்தேகத்தோடே ஏற்க வேண்டும். 1985இல் எதிரணியினரோடு நட்பாகப் பழகியது பார்டரின் குறையாகச் சொல்லப்பட்டது. அதைக் கேட்டுக் கசந்த அவர் 1989இல் இங்கிலாந்துக்கு மீண்டும் சென்றபோது பழைய நண்பர்களோடு முகங்கொடுத்தும் பேசவில்லை. மட்டை பிடித்து நின்ற ராபின் ஸ்மித் தண்ணீர் வரவழைக்க அனுமதி கேட்டபோது, கடுமொழி வீசி மறுத்தார். தொடர் 4–0 என்று ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. சேப்பாக்கத்தில் நீரின்றித் தவித்த ஒருவரை அருகில் நின்று கண்டவர், மூன்றாண்டுக்குப் பின் ஒரு குவளை நீரை மறுக்கக் கற்றிருந்தார் என்றால், தோல்வி அவருக்குப் புகட்டியவற்றில் எல்லாமே பாடம் என்ற பெயருக்கு உரியவையல்ல. உறுதியும் வன்மமும் ஒரே உலையில் வார்க்கப்படக் கூடியவை. வெற்றி வந்துவிட்டால் இரண்டையும் பிரித்துப் பார்க்க எவருக்கும் பொழுதிருப்பதில்லை.

பார்டர் 93 டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கி 1994இல் ஓய்வுபெற்றார். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் அணியை நடத்திய நான்கு தொடர்களும் தோல்வியிலேயே முடிந்தன. 1993 ஜனவரியில் அடிலெய்டில் ஒரே ஒரு ஓட்டம் குறைந்து தோற்றபின், தொடரும் அடுத்த டெஸ்டில் நழுவியது. அடிலெய்டில் தோல்வி உறுதியான நொடியில் அவர் கையிலிருந்த பந்தைத் தரையில் ஓங்கி அடித்தார். பதினைந்து ஆண்டுகளாக எந்தத் தொடரையும் இழக்காதிருந்த அந்த அணியை 1995இல் அதன் சொந்தத் தீவுகளிலேயே ஆஸ்திரேலியா 2–1 என்று வென்றபோது தலைவராக இருந்தவர் மார்க் டெய்லர். ஜமைக்காவில் நடந்த கடைசி டெஸ்டில் 200 ஓட்டங்கள் எடுத்தவர், 26 டெஸ்டுகள் சதமின்றிக் காத்திருக்க விடப்பட்ட ஸ்டீவ் வா. பார்டர் அந்த அணியில் இல்லை.