உடைமையும் உரிமையும்

செல்வம் தன்னளவிலே தீயதா? கிறிஸ்தவ சிந்தனையாளர் இவ்வினாவுக்கு ஒரே விடை கூறினாரல்லர். ஊசியின் காதையும் ஒட்டகத்தையும் காட்டி இயேசு செல்வரை எச்சரித்ததை யாவரும் அறிவர். அலெக்சாந்திரியாவில் போதித்த கிளமென்ற், அவ்வெச்சரிக்கை பொருளைப் பற்றியதன்று, பொருட்பற்றைப் பற்றியதே என விளக்கினார். செல்வம் ஒரு கருவி. அதனைக் கையாள்பவன் உள்ளமே அதனை நன்றாகவோ தீதாகவோ ஆக்கும் என்பது அவர் கருத்து. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராயிருந்த பசீல் இதற்கும் அப்பாற் சென்றார். தேவைக்கு மிஞ்சிய உணவும் உடையும் இல்லாதவனுக்கே உரியன என்றும், அவற்றைப் பூட்டி வைப்பவன் பிறன் பொருளையே வைத்திருக்கிறான் என்றும் அவர் போதித்தார்.

முன்னவர் மனநிலையை வினவுகிறார். பின்னவர் பொருள் யாருடையது என வினவுகிறார். மன்னார் மண்ணில் வாழ்வோருக்குப் பின்னைய வினாவே கூரியது.

1905இல் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூச்சடக்கி மூழ்கியவர்க்கு மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. எஞ்சியது அரசுக்குச் சென்றது. சில ஆண்டுகளுள் பார்களிற் சிப்பி அருகியது. உழைத்தவன் பங்கு சுருங்கியது. வருந்தலைமுறையின் பங்கு எண்ணப்படவேயில்லை.

அண்மைக்கால வரலாறு இதனினும் கடினமானது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, உப்புக்குளத்து மீனவக் குடும்பங்களும் வீட்டையும் தொழிலையும் துறந்து சென்றன. 2009இல் போர் முடிந்தபின் பலர் மீண்டனர். 2012இல், அவர்கள் முன்பு பயன்படுத்திய இறங்குதுறை குறித்து அவர்களுக்கும், போரினால் இடம்பெயர்ந்து வந்து அங்கே தொழில் செய்த தமிழ் மீனவருக்கும் இடையே பிணக்கு மூண்டது.

இவர்களுள் செல்வர் எவருமிலர். ஆகவே செல்வம் பற்றிய போதனைக்கு ஈண்டு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். ஆனால், நெடுநாட் பயன்படுத்திய பொருள் நமதே என்று நெஞ்சு துணிவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒரு சாண் கரையும் போதும். செல்வத்தின் ஆபத்து அத்துணிவிலேயே தொடங்குகிறது.

வரி வசூலித்த சக்கேயு ஈரறங்களை ஏற்றான்: உடைமையிற் பாதியை வறியவர்க்கு ஈதல் ஒன்று, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுத்தல் மற்றொன்று. முன்னது ஈகை, பின்னது நீதி. நாம் முதலாவதைப் புகழ்ந்து இரண்டாவதை மறந்துவிடுகிறோம். உப்புக்குளத்துக் கரையில் தொழில் செய்த ஏதிலி ஏமாற்றுக்காரனல்லன். அவனை வெறுங்கையனாக்குவதும் நீதியாகாது. எனினும் திரும்பி வந்தவன் கேட்பது பிச்சையன்று. அவனுக்குரியதை அவனுக்கு ஒப்புக்கொண்ட பின்னரே பகிர்வு பற்றிப் பேச நமக்குத் தகுதி உண்டாகும். ஒரு நாள் மீள ஒப்படைக்க வேண்டியதாகக் கருதி உடைமையை வைத்திருப்பதே செல்வத்தின் நேரிய பயன்பாடு எனலாம்.