துறையறிவும் அமைச்சுத் தகுதியும்

நோய் வந்தால் மருத்துவரை நாடுகிறோம். வழக்கு வந்தால் சட்டம் பயின்றவரைத் தேடுகிறோம். வீடு கட்டப் பொறியாளரை அழைக்கிறோம். ஆனால், கோடிக்கணக்கான மக்களின் உணவையும் கல்வியையும் உடல்நலத்தையும் காக்கும் பொறுப்பை ஏற்கும் அமைச்சரிடம் மட்டும் ‘இத்துறையில் நீர் கற்றது யாது?’ என்று எவரும் கேட்பதில்லை. இது முறையாகுமா?

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லங்களில் இவ்வினா அடிக்கடி எழுவதற்குக் காரணம் உண்டு. நம்மவருள் பலர் நிலமோ செல்வமோ துணையாக இன்றி, கற்ற கல்வியையும் எழுதி வென்ற தேர்வையும் மட்டுமே நம்பித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தவர்கள். எழுத்தர் பணிக்கும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கேட்ட அரசு, அந்த எழுத்தரின் கோப்பில் இறுதிக் கையொப்பம் இடுபவரிடம் ஒன்றும் கேட்கவில்லையே என்னும் வியப்பு நமக்கு இயல்பானதே. ஆயினும், வியப்பு வேறு, முடிவு வேறு. இருபுறமும் நோக்கியபின் முடிவுக்கு வருதலே அறிவுடைமை.

நம் அரசமைப்புச் சட்டம் அமைச்சருக்குக் கல்வித் தகுதி எதனையும் விதிக்கவில்லை. அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருத்தல் வேண்டும்; இல்லையேல் ஆறு திங்களுக்குள் உறுப்பினராதல் வேண்டும். அமைச்சரவை முழுதும் மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. இது கவனக்குறைவால் நேர்ந்த விடுபாடன்று. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குச் சுமார் 18 பேரே. அந்நாளில் பட்டமே ஆட்சிக்குத் தகுதி என்று விதித்திருந்தால், ஐந்தில் நான்கு பங்கு மக்களை ஆளப்படுவோராக மட்டுமே நிறுத்தியிருப்போம். பள்ளிப் படிப்பை முடிக்க இயலாத காமராசர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதல்வராக இருந்து ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பசித்த பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தார். கல்வித்துறை வல்லுநர் அறிந்த பாடத்திட்டத்தை அவர் அறிந்திராமல் இருக்கலாம். பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவ்வாறு சொல்வதால் அறியாமைக்கு அரியணை தேடுகிறோம் என்று எவரும் கருத வேண்டா. திருவள்ளுவர் ‘அமைச்சு’ என்னும் அதிகாரத்தை அடுத்து வைத்த அதிகாரங்கள் எவை? சொல்வன்மை, வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்பன. பின்னர் அவையறிதலும் அவையஞ்சாமையும் வருகின்றன. அமைச்சன் நூலறிவு உடையவனாய் இருத்தல் வேண்டும் என்பது அவருக்கும் உடன்பாடே. எனினும், நூல்வழியை அறிந்த பின்னரும் உலக இயல்பை அறிந்தே செயலாற்ற வேண்டும் என்று அவர் வற்புறுத்துகின்றார். கற்றதை மக்கள் வாழ்வோடு பொருத்தும் திறமே அமைச்சுத் திறம் என்பது இதனால் விளங்கும்.

இதற்கு அண்மைக்கால வரலாறு தரும் சான்று ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். கொங்கு நாட்டிலிருந்து வந்த சி. சுப்பிரமணியம் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியவர். சென்னை மாநிலத்தில் நிதியையும் கல்வியையும், நடுவணரசில் எஃகுத் துறையையும் பார்த்தபின், 1964இல் உணவு, வேளாண்மைத் துறையை ஏற்றார். வேளாண் அறிவியலில் அவர் பட்டம் பெற்றவரல்லர். அந்நாளில் அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தால்தான் பங்கீட்டுக் கடைகளில் தானியம் இருக்கும் என்னும் நிலை. அடுத்தடுத்து மழையும் பொய்த்தது. மெக்சிகோவின் குட்டைரகக் கோதுமை நம் மண்ணில் பன்மடங்கு விளையும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் முதலிய அறிவியலாளர் கூறினர். அயல்நாட்டு விதையையும், அது வேண்டும் உரத்தையும் நம்பலாமா என்று திட்டக்குழுவிலும் அரசியல் அரங்கிலும் எதிர்ப்பு எழுந்தது.

அமைச்சர் செய்தது என்ன? விதையியலில் தாமே தீர்ப்புக் கூற முற்படவில்லை. அறிந்தோரை அழைத்துக் கேட்டார், ஐயங்களை எழுப்பினார், உழவர் நிலங்களிலேயே செய்துகாட்டச் செய்தார். தில்லியில் தம் அரசு இல்லத்தின் புல்தரையை உழுது, அங்கும் அவ்விதையை விதைத்தார். விளைவுக்கு உரிய விலை கிடைக்காவிடில் எந்த உழவரும் உரத்துக்குச் செலவிடார் என்பதை உணர்ந்தார். வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் 1965இல் அமைந்தன. 1966இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டது. 1964-65இல் சுமார் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68இல் ஏறத்தாழ 1 கோடியே 65 லட்சம் டன்னாக உயர்ந்தது.

விதையை ஆய்ந்தறிந்தது வல்லுநர் அறிவு. விதை, விலை, உரம், கிடங்கு, நாடாளுமன்றம் ஆகிய அனைத்தையும் ஒரு வினையாகக் கோத்தது அமைச்சுத் திறம். வேளாண்மைத் துறைக்கு வல்லுநர் ஒருவரையே அமைச்சராக்குவோம் என்றால், மண்ணியல் வல்லுநரையா, நீர்ப்பாசன வல்லுநரையா, பொருளியல் வல்லுநரையா தேர்ந்தெடுப்பது? ஒரு துறை முழுமைக்கும் வல்லுநர் என ஒருவர் எங்கும் இல்லை. இன்னொன்றும் நோக்கத்தக்கது. 1967 தேர்தலில் சுப்பிரமணியம் தோற்றார். பெருவிளைச்சல் களத்துக்கு வந்த 1968இல் அவர் அமைச்சராக இல்லை. மக்கள் முன் நின்று தோற்கும் கடப்பாடு வல்லுநருக்கு இல்லை, அமைச்சருக்கு உண்டு.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பொருளியல் அறிஞரான ஜான் மத்தாய், ரிசர்வ் வங்கியின் தலைமைப் பொறுப்பிலிருந்து வந்த சி.டி. தேஷ்முக் ஆகியோர் நிதித்துறைக்குப் பெருமை சேர்த்தனர். 1991இல் அந்நியச் செலாவணி வற்றி நாடு தத்தளித்தபோது, நிதித்துறை மன்மோகன் சிங்கின் கையில் இருந்தது நமது நற்பேறே. நெருக்கடி வேளையில் கற்றுக்கொள்ளக் காலம் இராது. முன்னரே கற்றவர் வேண்டும். ஆயினும், அவர் வகுத்த வழிக்கு அவையின் ஆதரவைத் திரட்டித் தந்தவர், பொருளியல் பேராசிரியரல்லாத பிரதமர் நரசிம்ம ராவ். வல்லுநர் அமைச்சரானாலும் அவரது அறிவுக்கு அரசியல் துணை வேண்டியிருந்தது.

அவ்வாறாயின், ‘துறைச் செயலாளர் அறிவார், அமைச்சர் ஒப்பமிட்டால் போதும்’ என்பார் கூற்று ஏற்புடையதா? அன்று. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்திராவின் நிறுவனப் பங்குகளை வாங்கிய விவகாரத்தை நீதிபதி சாக்ளா விசாரித்தார். தம் செயலாளரின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பாவார் என்பது அவர் கண்ட முடிவு. டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலகினார். அவர் வணிகம் அறியாதவரல்லர். தாமே வணிக நிறுவனம் கண்டவர். துறையறிவு இருந்தும் மேற்பார்வை தளர்ந்தால் பயனில்லை என்பதற்கு இதுவே சான்று.

இதற்கு முன்னர், 1956 நவம்பரில், அரியலூருக்கு அருகே வெள்ளத்தால் பாலம் சிதைந்து தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. 140க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பாலம் கட்டும் பொறியாளரல்லர். ‘பாலத்தைப் பற்றி யான் என்ன அறிவேன்?’ என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பதவியைத் துறந்தார். விடுமுறைதோறும் அத்தடத்தின் வழியே ஊர் செல்லும் நம் குடும்பங்கள் நினைவிற்கொள்ளத் தக்க செய்தி இது. அறிவைப் பிறரிடம் இரவல் பெறலாம். பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்றலாகாது.

எனவே நாம் காணும் முடிவு இது. துறையறிவோடு வருதல் சிறப்பு. எனினும் அமைச்சராதற்கு அது முதற்படியன்று. அறியாதவராய் வந்தவர் அறிய முயலாமலே இருத்தல் மட்டும் மன்னிக்க இயலாதது. கேட்கத் தெரிதல், தக்காரைத் தெரிந்தெடுத்தல், கசப்பான உண்மையைச் சொல்லும் அலுவலரைத் தண்டியாது காத்தல், விளைவுக்குத் தாமே விடைகூறுதல் ஆகிய நான்கும் இல்லாதவர் எத்துணைப் பட்டம் பெற்றவராயினும் அமைச்சுக்கு உரியவரல்லர். கற்றுக்கொள்ளுமுன்பே அமைச்சர்களைத் துறைவிட்டுத் துறை மாற்றும் வழக்கமும் ஒழிதல் வேண்டும்.

நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அலுவலகத்திலிருந்து திரும்பி, அமைச்சர்களின் அறியாமையை எள்ளி நகையாடுவது எளிது. நம் பிள்ளைகள் பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆக வேண்டுமென உழைக்கிறோம்; பொதுவாழ்வுக்கு அவர்கள் செல்வதை மட்டும் அஞ்சித் தடுக்கிறோம். கற்றோர் ஒதுங்கி நின்றுகொண்டே, கற்றோர் ஆளவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. தேர்தல் நாளில் வேட்பாளரின் பட்டத்தை நோக்குவதோடு நில்லாமல், அவர் எவரைக் கேட்டு நடப்பார், தவறு நேர்ந்தால் யாரைச் சுட்டுவார் என்றும் ஆராய்வோமாக. அவ்வினாக்களைத் துணிந்து கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் ஊட்டுவோமாக.