விரிப்புக்கு அடியில்

பழைய லாரி ஒன்று பட்டறைக்கு வந்தால், சொந்தக்காரர் முதலில் பார்ப்பது வர்ணத்தை. பட்டறைக்காரர் முதலில் பார்ப்பது கேபினின் தரையை. தர்மபுரிப் பக்கத்துப் பட்டறைகளில் இதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். ரப்பர் விரிப்பைச் சுருட்டி எறிந்துவிட்டுச் சுத்தியலால் தட்டுவார்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். துருவேறியது 'பொத்'தென்று ஒலிக்கும். சில இடங்களில் சுத்தியலே உள்ளே போய்விடும்.

மழை நாளில் ஈரக் காலோடு ஏறுகிறார்கள். கதவின் ரப்பர் தேய்ந்து தண்ணீர் கசிகிறது. விரிப்புக்கு அடியில் தங்கிய ஈரத்தை வெயிலும் காற்றும் எட்டுவதில்லை. இரும்பு துருவாகும்போது உப்புகிறது. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் துரு புகுந்தால் தகடுகளையே பிளந்துவிடும். சேஸிஸின் மேல் கேபினைத் தாங்கும் 'மவுண்டிங்'குகளும், தரைக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டங்களும் இப்படித்தான் போகின்றன. மேலே வர்ணம் மட்டும் பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு போல் பளிச்சென்றிருக்கும்.

ஒரு சொந்தக்காரர் என் எதிரிலேயே சொன்னார்: "மேஸ்திரி, அடுத்த மாசம் வண்டியைக் கைமாத்திடப் போறேன். மேலாக ஒரு தகடு வெச்சு, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சுடுங்க, போதும்."

"துரு மேல வெல்டிங் நிக்காதுங்க அண்ணே" என்றார் மேஸ்திரி.

வண்டி அவருடையது, கூலியும் அவர் கொடுப்பது. சொன்னதைச் செய்வதில் என்ன பாவம்? மறுத்தால் அடுத்த பட்டறைக்குப் போவார். சனிக்கிழமை தோறும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவரிடம், அந்தக் கவலை இல்லாத நான் தர்மம் பேசுவது மிகவும் சுலபம்.

முறையான வேலை சாமானியமானதல்ல. பாட்டரி வயரைக் கழற்றி, ஜாக்கியும் மரக்கட்டையும் கொடுத்துக் கேபினைத் தாங்க வேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடலாம். இரண்டையும் சேர்த்து அறுத்தால் கேபின் இறங்கி, கதவு பொருந்தாமல் போகும். நல்ல இரும்பு வரும்வரை அறுத்து, அதே கனத்தில் தகடு பற்றவைத்து, ரெட் ஆக்சைடு பூசி, தண்ணீர் வடியத் துளைகளும் விட வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு மேலே விரிப்பைப் போட்டு மூடிவிடுவார்கள்! நல்ல வேலைக்கும் கள்ள வேலைக்கும் அப்புறம் வித்தியாசமே தெரியாது. எட்டு ஆண்டு கடந்த லாரிக்கு ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் சட்டம் எத்தனை விரிப்புகளைத்தான் தூக்கிப் பார்க்கும்?

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான். தொப்பூர் கணவாயில் பாரத்தோடு சேலம் நோக்கி இறங்கும் டிரைவர் அவன். விபத்துக்குப் பெயர்போன இறக்கம் அது. அவனுடைய ஸ்டியரிங் தண்டு அந்தத் தரையைத் துளைத்துக்கொண்டுதான் இறங்குகிறது; பிரேக்கை மிதிக்கும்போது அவன் ஆசனம் அந்தத் தாங்கிகளின் மேல்தான் நிற்கிறது. இந்தப் பேரத்தில் அவனை யாரும் கலந்துகொள்ளவில்லை.

மேஸ்திரி கடைசியில் சொன்னார்: "தகடு வெக்கச் சொன்னா வெக்கறேன். பட்டி மட்டும் பார்க்க மாட்டேன். வாங்கறவரு கண்ணுல படட்டும்."

எனக்கு இது பெரிய நியாயமாகப் பட்டது. கையில் காசில்லாதவன் அரைகுறையாகப் பழுது பார்ப்பது குற்றமல்ல; அதை மறைப்பதுதான் குற்றம். இதே தகடூரை ஆண்ட அதியமான், நெல்லிக்கனியின் அருமையைத் தன்னுள் அடக்கிக்கொண்டு ஔவையாருக்குக் கொடுத்தான் என்கிறது புறநானூறு. நன்மையை மறைக்கலாம் போலிருக்கிறது. துருவை மறைக்க யாருக்கும் உரிமையில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. வாங்குபவர் அந்தத் தகட்டைக் கண்ணால் பார்த்து, விலையைக் குறைத்துக்கொண்டு, அப்படியே டிரைவரை ஏற்றி அனுப்பினால்? பழி முழுவதும் அவருக்கே, மேஸ்திரிக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை.